பிரான்ஸ் தேவாலயத்தில் காளியம்மனா?

‘பிரான்ஸில் ஒரு தேவாலயத்தில் காளிக்குச் சிலை வைத்து, ஆண்டுதோறும் கடலில் கரைக்கிறார்கள், போப்பே புனிதராக அறிவித்துவிட்டார்’ என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் உண்மை, சொல்வது தவறு.

ஊர், தென் பிரான்ஸில் கமார்க் கடற்கரையிலுள்ள சேந்த் மரி தெ லா மேர். சிலை, ‘ஜிப்சிகள்’ என்று பிறர் அழைக்கும் ரோமா மக்கள் கொண்டாடும் கறுப்பு சாரா. தேவாலயத்தின் நிலவறையில்தான் இருக்கிறாள். நேர்ந்துகொண்டவர்கள் போர்த்தும் அங்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சிறிய கறுத்த முகம் மட்டுமே வெளியே தெரியும்.

மே 24 பிற்பகல், இயேசுவைப் பின்பற்றிய பெண்களான யாக்கோபின் தாய் மரியாள், மரியாள் சலோமே ஆகிய இருவரின் திருப்பண்டங்கள் (புனித எச்சங்கள்) வைத்த பேழைகளை மேல்மாடச் சிற்றாலயத்திலிருந்து கயிறு கட்டி மெல்ல இறக்குவார்கள். பிறகு சாராவைத் தோளில் சுமந்து, வெள்ளைக் குதிரை வீரர்கள் புடைசூழக் கடலுக்குள் இறங்குவார்கள். சிலையைக் கரைப்பதில்லை, அன்றே நிலவறைக்குத் திரும்பிவிடும். வீடியோ கடலோடு முடிந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். சாராவின் இந்த ஊர்வலம் 1935இல்தான் தொடங்கியது. மறுநாள், மே 25, மரியாள்களின் ஊர்வலம்.

கத்தோலிக்கத் திருச்சபை சாராவை முறைப்படி புனிதராக அறிவித்ததே இல்லை.

பெயருக்கு வருவோம். ரோமானி மொழியில் ‘காலோ’ என்றால் கறுப்பன், ‘காலி’ என்றால் கறுப்பி. ‘சாரா காலி’ என்பது கறுப்பு சாராதான். அந்தச் சொல் சமஸ்கிருத ‘கால’த்துக்கு உறவு, ரோமா மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதும் மெய். காளி, துர்கை வழிபாட்டோடு ஒப்பிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அது கருதுகோள்தான். அங்கே மண்டியிடுவோர் தங்கள் சாராவைத்தான் கும்பிடுகிறார்கள்.