மாலை போட்ட இரண்டாம் நாள்

போன வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி எங்கள் மாமா ஐயப்பனுக்கு மாலை போட்டார். இருபது வருஷக் குடி. காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாவிட்டால் டீ கிளாஸைப் பிடிக்கக் கை நிற்காது. இத்தோடு விட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்ன சந்தோஷத்தில் அத்தை தேயிலை எஸ்டேட் லைன் வீட்டையே கழுவிவிட்டார்.

இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கறுப்பு வேட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். விரதத்தில் ஏதோ குத்தம் என்றார் குருசாமி.

குத்தமெல்லாம் இல்லை. தினமும் குடித்துப் பழகிய உடம்பு, சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆடும், உயிரே போகலாம். சில நாள் மாத்திரை, பி1 வைட்டமின், பக்கத்தில் ஒரு ஆள். பெரும்பாலும் அதிலேயே தாண்டிவிடலாமாம். இதை எங்களுக்குச் சொல்ல ஊட்டி டாக்டர்தான் வேண்டியிருந்தது. பந்தலூரிலிருந்து கூடலூர், அங்கிருந்து இன்னும் 50 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவு. மாமாவை ஜீப் சீட்டோடு துண்டால் கட்டித்தான் கொண்டுபோனோம்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். குடியாலும் போதையாலும் வரும் மனநிலைக் கோளாறும் அதில் மனநோய்க் கணக்கில்தான் வருகிறது. சிகிச்சை உரிமை என்கிறது 18ஆம் பிரிவு. ஆரம்ப நிலை மருத்துவம் வரை மனநல சேவையைச் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் இலவச மருந்து என்று வரும்போது, சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே என்று போட்டிருக்கிறார்கள். எஸ்டேட்காரனுக்கு எட்டுகிற ஆரம்ப சுகாதார நிலையம் அதற்கு ஒரு படி கீழே. சமவெளியில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் போல.

அந்த ஒரு படியை இறக்குங்கள். நான் கேட்கிற திருத்தம் இவ்வளவுதான்.

அந்த மாத்திரையே போதையாகிவிடாதா என்பார்கள். நியாயமான பயம். டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் நர்ஸ் கொடுக்கட்டும். காசநோய் மாத்திரையை எதிரே நிற்கவைத்து விழுங்கவைத்த ஊர்தானே இது.

மாமா இப்போது மாதம் ஒரு முறை ஊட்டி பஸ் ஏறுகிறார். ஒரு நாள் சம்பளம் போய்விடும். கொழுந்து நிறைய வரும் மாதங்களில் போகாமல் விட்டுவிடுவார். மறுபடி குடியில் வழுக்குவதும் அந்த மாதங்களில்தான்.

கார்த்திகை வருகிறது. தினமும் குடிக்கிறவர் யாராவது உங்கள் வீட்டில் மாலை போடுவதாக இருந்தால், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். குருசாமிமார்களும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாலை போடலாம். போனில் கேட்க 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.