108 உருப்படி டூல் கிட்டை ஏன் வாங்கக் கூடாது?

புதிதாக இருசக்கர வாகனப் பட்டறை போடும் தம்பிகள் பலர், முதல் செலவாக, சூட்கேஸ் போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் 108 உருப்படிகள் அடுக்கிய டூல் கிட் ஒன்றை இணையத்தில் வாங்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளம், கண்ணைப் பறிக்கும் குரோம் பூச்சு என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பாதிக்கு மேல் யாரும் ஒருநாளும் கையில் எடுக்காதவை; அன்றாடம் எடுக்கிற ஏழெட்டோ சீக்கிரமே வாய் விரிந்துபோகிறவை. அதே பணத்துக்கு 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர் அளவுகளில் மட்டும், போல்ட் தலையைச் சுற்றிப் பிடிக்கும் தரமான ரிங் ஸ்பேனர்களும் T வடிவக் கைப்பிடி கொண்ட டி-ஸ்பேனர்களும் வாங்கிக்கொண்டால், ஜப்பானிய வழிவந்த பைக்குகளில் பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜப்பானிய வழக்கில் தலையின் அகலம் 12, ஐரோப்பிய வழக்கில் 13 என்பதால், மற்ற வண்டிகளும் பட்டறைக்கு வருமென்றால் 13-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மட்டமான ஸ்பேனரால் வருகிற நஷ்டம் அந்த ஸ்பேனரோடு முடிந்துபோவதில்லை என்பதே நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம். நான்கு பேர் கை பட்ட ஒரு பைக்கின் ஆயில் டிரெயின் போல்ட்டைக் கீழே குனிந்து பாருங்கள். ஆறு மூலைகளும் மழுங்கி, தலை ஏறக்குறைய வட்டமாகி, ஒவ்வொரு மூலையின் ஒருபக்க ஓரத்திலும் மெல்லிய இரும்புச் சீவல் சுருண்டு நிற்கும். வாய் விரிந்த ஸ்பேனர் போல்ட்டின் தட்டையான பக்கத்தில் படியாமல் மூலையை மட்டும் பிடித்துத் திருகியதற்கு அதுவே சாட்சி. அடுத்து வருகிற மெக்கானிக் பைப் ரெஞ்ச் போட்டுக் கடிக்க வைப்பார். அதுவும் வழுக்கினால் உளியால் தட்டுவார். கடைசியில் போல்ட் தலையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கழற்றுவார். இத்தனைக்கும் நடுவில் கிராங்க் கேஸ் எனப்படும் அலுமினிய இன்ஜின் கூட்டின் மரை கெட்டுப்போனால், லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புது மரை போட வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வந்த செலவு இது.

ஸ்பேனரின் வாய் ஏன் விரிகிறது? 'குரோம் வனேடியம்' என்று அதன் மேல் பொறித்திருக்கிறதே என்று கேட்பார்கள். பொறிப்பதற்கு ஓர் அச்சு இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். எஃகு உண்மையிலேயே அந்தக் கலவையாக இருந்தாலும், நல்ல அரிசி வாங்கிவிட்டதாலேயே சோறு பதமாக வந்துவிடாது. பழுக்கக் காய்ச்சிய எஃகை அச்சில் வைத்து அடித்து வடிவம் கொடுத்து, பிறகு 850 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கி, எண்ணெயில் முக்கிக் குளிரவைத்து, அதன்பின் குறைந்த சூட்டில் மீண்டும் நிதானமாக வாட்டி எடுத்தால்தான் ஸ்பேனருக்கு வேண்டிய கடினமும் கூடவே வளைந்து தாங்கும் குணமும் சேர்ந்து வரும். வாட்டுவதில் குறை வைத்தால் பாரம் ஏறும்போது விரிசல் விட்டுச் சட்டென்று உடையும். அளவுக்கு மீறி வாட்டினால் மெதுவாக விரிந்துகொடுக்கும். விலை மலிவான பெட்டிகளில் சிக்கனம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம், ஏனெனில் வாங்குகிறவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

நல்ல ஸ்பேனரின் கடினம், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் ஏறத்தாழ 40 இருக்கும். பைக்கில் பரவலாகக் காணும் 8.8 தர போல்ட் (இந்தத் தர எண் கூடக்கூடப் பலமும் கூடும்) அதைவிடக் கணிசமாக மிருதுவானது. ஆகவே அங்கே சுமாரான ஸ்பேனர்கூடச் சில காலம் தாக்குப்பிடிக்கும். 12.9 என்று தலையில் பொறித்த ஆலன் போல்ட்டோ (தலையில் ஆறு மூலைக் குழி உள்ளது, அதில் ஆலன் கீயைச் செருகித் திருகுவோம்) ஏறக்குறைய ஸ்பேனர் அளவுக்கே கடினமானது. அதனால்தான் ஆலன் கீ மட்டும் 50-க்கு மேல் கடினமாக இருக்க வேண்டியிருக்கிறது. பெட்டியோடு வரும் ஆலன் கீ முறுக்கிக்கொண்டு, போல்ட்டின் குழியையும் வட்டமாக்கிவிட்டுப் போவது இதனால்தான். ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்று யாராவது கேட்டால், முதலில் நல்ல ஆலன் கீ செட்டை வாங்கு என்றுதான் சொல்வேன்.

அளவுத் துல்லியம் அடுத்த விஷயம். 13 என்று போட்ட ஸ்பேனரின் வாய் சரியாக 13 மில்லிமீட்டராக இருந்தால் போல்ட்டில் ஏறாது. இம்மியளவு கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு, மூன்று பங்கைத் தாண்டினால் ஆட்டம் வந்துவிடும். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் இடுக்கான இடங்களில் சௌகரியமானது என்றாலும், துருப்பிடித்த போல்ட்டுக்கு, தலையின் மேல் கிண்ணம்போலக் கவியும் ஆறு மூலை சாக்கெட்தான் பாதுகாப்பு. அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனம் 1960-களில், மூலையில் அழுத்தாமல் சற்று உள்தள்ளிப் பக்கத்தில் அழுத்தும்படி சாக்கெட்டின் உட்புறத்தை வடிவமைத்தது. இன்று காப்புரிமைக் காலம் முடிந்து, கவனமாகச் செய்கிற பல கம்பெனிகளும் அந்த வடிவத்தைப் பின்பற்றுகின்றன.

பிளஸ் ஸ்க்ரூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் வைத்திருப்பவர்கள் கிராங்க் கேஸ் கவரின் ஸ்க்ரூக்கள் மொக்கையாகிவிட்டன என்று புலம்பாத நாளில்லை. தவறு பெரும்பாலும் ஸ்க்ரூவில் இல்லை, திருப்புளியில் இருக்கிறது. நாம் வாங்கும் திருப்புளிகள் பெரும்பாலும் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்க வடிவத்தைச் சேர்ந்தவை. அந்த ஸ்க்ரூக்களோ ஜப்பானியத் தர வடிவத்தைச் சேர்ந்தவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், அமெரிக்க முனை ஜப்பானியக் குழியின் அடிவரை இறங்காமல் மேலேயே நின்று துள்ளும். தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜப்பானிய ஸ்க்ரூ என்று அடையாளம் கண்டு, அதற்குரிய திருப்புளியையோ, சுத்தியலால் தட்டித் திருகும் இம்பாக்ட் டிரைவரையோ பயன்படுத்த வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்குதான் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஜலந்தரிலும் லூதியானாவிலும் அடிக்கப்படும் ஸ்பேனர்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகின்றன. ஐ.எஸ். 2028, ஐ.எஸ். 2029 என்று நம் நாட்டிலேயே ஓப்பன் ஸ்பேனருக்கும் ரிங் ஸ்பேனருக்கும் தர விதிகள் இருக்கின்றன. அவற்றை மதித்துச் செய்யும் இந்தியக் கம்பெனியின் கறுப்புப் பூச்சு ஸ்பேனர், பெயர் தெரியாத பளபளப்பை விட எனக்கு மேலானது. குரோம் பூச்சு துருவைத் தடுக்குமே தவிர பலத்தைக் கூட்டாது. மட்டமான பூச்சு செதில் செதிலாக உரிந்தால் பிளேடு போல விரலைக் கிழிக்கும்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஸ்பேனர்கள் வாங்குவதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். இடுக்கில் நுழைவதற்காக கேஸ் வைத்துச் சூடேற்றி வளைத்த ஸ்பேனர் என்றால், சூடு பட்ட இடத்தில் பதம் போயிருக்கும். நிறம் மாறியிருப்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். முனையில் சுத்தியல் தழும்பு இருந்தாலும் வேண்டாம். ஸ்பேனரின் நீளம் சும்மா வைத்ததல்ல, அந்த அளவு போல்ட் தாங்குகிற பலத்தைக் கணக்கிட்டு வைத்தது. பைப் சொருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் அதே கைவிசைக்கு முறுக்கும் இரட்டிப்பாகும். அதைத் தாங்காத ஸ்பேனரைத் தரமில்லாதது என்று திட்டுவது நியாயமாகாது.

'லைஃப் டைம் வாரண்டி' என்ற சொல்லில் மயங்குகிறவர்கள் அதிகம். அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் தங்கள் கிராஃப்ட்ஸ்மேன் கைக்கருவி உடைந்தால் பில் கேட்காமலே மாற்றிக் கொடுத்துப் பெயர் வாங்கின. இங்கோ தயாரிப்புக் குறை என்று நிரூபி, பில்லைக் கொண்டு வா, டீலரைப் பார் என்று அலைக்கழிப்பார்கள். அப்படியே மாற்றிக் கொடுத்தாலும் வருவது புது ஸ்பேனர்தான். மூலை மழுங்கிய போல்ட்டையும் கெட்டுப்போன மரையையும் எந்த வாரண்டியும் திருப்பித் தராது. ஆகவே வாரண்டிக்கென்று கூடுதல் விலை கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

கடைக்குப் போகும்போது பயன்படுத்தாத புது போல்ட்கள் நாலைந்தை அளவுக்கு ஒன்றாகப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரைப் போல்ட் தலையில் மாட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். வாயின் உட்புறம் பிசிறில்லாமல் இருக்கிறதா, இரண்டு தாடைகளும் ஒரே கனமாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதே அளவில் மூன்று ஸ்பேனர்களை எடுத்து மூன்றிலும் ஆட்டம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். சென்னைப் பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை.