மெஷின் கொடுத்தாச்சு, ஆள் எங்கே?

அரசு ஆஸ்பத்திரி ஏன் இப்படி ஆயிடுச்சு என்று காரைக்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்: "டாக்டர் இருக்கிறதில்ல, நர்ஸம்மா எரிஞ்சு விழுறாங்க." எதிரில் நிற்பவர் மேல்தான் கோபம் வரும், இயல்பு. ஆனால் பணியிடத்துக்கு அரசாணை போடாமல் ஃபைலை வைத்திருக்கும் மேசைக்கு அந்தக் கோபம் போய்ச் சேருவதே இல்லை. கல்வெட்டு ஆசை பிடித்த நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

கொடையில் நம்ம ஊர் குறை வைத்ததில்லை. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் வாயில் வருவது, சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மெஷின். ஆறேழு லட்சத்தில் முடியும், பெயர்ப்பலகையும் மாட்டலாம். செலவு அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

ஒருவருக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய நான்கு மணி நேரம். நிமிடத்துக்கு 500 மில்லி திரவம் ஓடும். மொத்தம் 120 லிட்டர். அதற்கான சுத்தத் தண்ணீரைத் தயாரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட்டில் பாதித் தண்ணீர் கழிவாகப் போகும் என்று வைத்தால் போர்வெல் தண்ணீர் 240 லிட்டர் வேண்டும். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் எப்படி என்று வீட்டில் கீசர் வைத்திருப்பவரைக் கேளுங்கள். அதனால் ஆர்.ஓ.வுக்கு முன்னால் தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் ஒரு சாஃப்ட்னர் தொட்டி இருக்கும். அதில் உப்பு தீர்ந்து யாரும் கொட்டவில்லை என்றால் சுண்ணாம்பு நேராக ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வில் போய்ப் படியும், கொஞ்ச நாளில் அடைத்துக்கொள்ளும். கார்பன் ஃபில்டரை மாற்றாமல் விட்டால் இன்னும் மோசம்: தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் நோயாளியின் சிவப்பணுக்களையே உடைக்கும். பொறுப்புள்ள டெக்னீஷியன் அந்தத் தண்ணீரில் ஓட்ட மாட்டார். "மெஷின் பழுது" என்று தாள் ஒட்டப்படும். மெஷினில் ஒரு பழுதும் இருக்காது. உப்பு மூட்டைக்கு எந்தத் தலைப்பில் பில் போடுவது என்பதில்தான் பழுது.

ஆள் கணக்கையும் பாருங்கள். நான்கு மெஷின், ஒரு டெக்னீஷியன், ஒரு ஷிஃப்ட், வாரம் ஆறு நாள்: 24 தடவை. ஒருவருக்கு வாரம் மூன்று என்றால் எட்டுப் பேர். இன்னொரு டெக்னீஷியன் இருந்தால் இரண்டாவது ஷிஃப்ட், பதினாறு பேர். அந்த ஒரு பணியிடம் இல்லாததால் மீதி எட்டுப் பேர் வாரம் மூன்று நாள் மதுரைக்கு பஸ் ஏறுவார்கள். ஐந்தாவது மெஷின் வாங்கிக் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது.

அவசரப் பிரசவமும் பச்சிளங்குழந்தைகளும் பார்க்கும் சீமாங் (CEmONC) மையத்திலும் இதே கதைதான். ராத்திரி இரண்டு மணிக்கு சிசேரியன் என்றால் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், குழந்தை மருத்துவர் மூவரும் வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு 48 மணி நேரம் என்றால்கூட மயக்க மருந்துக்கு மட்டும் நான்கு பேர் தேவை. ஒருவரோ இருவரோ இருக்கும் இடத்தில் ராத்திரி என்ன நடக்கும்? 108-இல் ஏற்றி சிவகங்கைக்கு அனுப்புவார்கள்.

சிறப்பு மருத்துவர்கள் ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் பட்ட இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் படித்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்புவார். இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைக் காட்டி 2017-இல் அது நின்றது. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஆகஸ்டில். நடுவில் போன ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது? டெல்லி கணக்கில்தான் என்பது என் கருத்து.

2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் அரசு சுகாதாரச் செலவு என்றது. 2021-22 தேசியக் கணக்கில் அது 1.84. அதற்காக சென்னையை விட்டுவிட முடியாது. 2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் எடுத்த செவிலியர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது மாநில அரசு. நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். எம்.பி. நிதியைச் சம்பளத்துக்குத் தொட முடியாது, ஆகவே அதுவும் கட்டடமாகவே முளைக்கிறது.

இத்தனைக்கும் கோயில் விஷயத்தில் நமக்கு இந்தப் புத்தி நன்றாக இருக்கிறது. கும்பாபிஷேகத்தோடு நிறுத்த மாட்டோம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி போட்டு, கட்டளை எழுதி, முதல் போட்டு, வட்டியில் தினப்படி பூசைக்கும் எண்ணெய்க்கும் வழி செய்வோம். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் ரிப்பன் வெட்டியதோடு கை கழுவுகிறோம்.

கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள்: இதை ஓட்ட ஆள் உண்டா, தண்ணீர் உண்டா, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்ப்பீர்களா? அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின் என்றால் கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப் பதிவு வேண்டும், எக்ஸ்ரே என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் வேண்டும். உப்பு, ஃபில்டர் மாதிரிச் செலவுகளுக்கு ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்கக் கணக்கில் பணம் போடலாம், ரசீதும் வாங்கலாம்.

கொடுக்க வசதியில்லாதவர்கள் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை என்பதோடு நிறுத்தாதீர்கள். நிரம்பியதில் எத்தனை பேர் மாற்றுப்பணியில் வேறு ஊரில் இருக்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து, யார் உத்தரவில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.