முழுச் சொல்லையும் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டுமா?
ஒலிப்படி எழுதப்படாத ஆங்கிலச் சொற்களை அட்டையில் எழுதி, குழந்தைகளை அப்படியே மனப்பாடம் செய்ய வைக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. 'சொன்னான்' என்று பொருள்படும் 'செட்' (said) என்ற சொல்லையே பாருங்கள்: எஸ், ஏ, ஐ, டி. முதலும் கடைசியும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன, வம்பெல்லாம் நடுவில்தான். யுகேஜி படிக்கும் என் பேத்திக்கு அந்த ஏ, ஐ இரண்டை மட்டும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக் காட்டுவேன். மற்றதை அவளே கூட்டிப் படித்துவிடுவாள். 'ரெய்ன்' (rain) சொல்லிலும் அதே ஏ, ஐ வருகிறது, ஆனால் அங்கே அது வழக்கம்போலவே ஒலிப்பதால் சிவப்பு தேவையில்லை.

முழங்காலைக் குறிக்கும் 'நீ'க்கு (knee) முன்னால் கே எதற்கு என்று கேட்பாள். ஒரு காலத்தில் அந்த கே-யையும் உச்சரித்தார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தார். அப்புறம் அச்சில் வந்த எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைத்துவிட்டது, பேச்சு மாறிக்கொண்டே போனது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம்? துமா (Dumas) வீதிப் பலகையில் பிரெஞ்சுப் பெயரின் கடைசியில் சும்மா நிற்கும் எஸ்ஸை நாம் பார்க்காததா!

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சொல் போதும். அட்டையோடு விடாமல், அந்தச் சொல் வரும் ஒரு வரியையும் உடனே படிக்க வையுங்கள்.