பாரிமுனையைக் காலி செய்தது யார்?

சென்னையின் பழைய மையப் பகுதியான பாரிமுனைக்குப் 'புத்துயிர்' கொடுக்கும் பேச்சு எப்போது எழுந்தாலும், எனக்கு ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையின் மாடிப்படிதான் நினைவுக்கு வரும். ஒன்பது வருடம் அங்கே கணக்கு எழுதினேன். குரோம்பேட்டையில் ரயிலேறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி நடந்தே போவேன். காலையில் அரை டம்ளர் காபியோடு சரி, தண்ணீர் குடிக்க மாட்டேன். கடையில் கழிப்பறை கிடையாது, தெருவிலும் கிடையாது. பாரீஸில் (பாரிமுனையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வேலை பார்த்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வாள்.

இப்போது அங்கே பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகம் என்ற அரசுக் கட்டடத்தையும் சேர்த்து 822 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஒரு பெரிய வளாகம் திட்டமிட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பேருந்து நிலையத்தில் மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் நின்றவர் யாரும் சொல்ல மாட்டார்கள். குறளகம் போவதில் மட்டும் ஒரு வருத்தம் உண்டு. நவராத்திரி வந்தால் கொலு பொம்மை பார்க்க அம்மாவை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். சரி, அது என் சொந்தக் கதை.

எனக்கு இடிப்பது அந்தப் 'புத்துயிர்' என்ற சொல். காலை பதினொரு மணிக்கு தேவராஜ முதலி தெருவுக்குள் போய்ப் பாருங்கள். மீன்பாடி வண்டி, பைக், தலையில் மூட்டையோடு லோடுமேன், நடுவில் வளையல் வாங்க வந்த குடும்பம். தரையே கண்ணில் படாது. செத்த ஊரா இது? ஆனால் அதே தெருவுக்கு இரவு ஒன்பதரைக்குப் போனால், இழுத்துச் சாத்திய ஷட்டர்களும் நாய்களும்தான். பகலில் மூச்சு முட்டுகிறது, இரவில் ஆளே இல்லை. இந்த ஊரின் நோய் இதுதான். இதற்குக் காரணம் அதன் வயது அல்ல. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டு போனோம், அதுதான்.

முதலில் கொத்தவால்சாவடி. 1996-ல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது, 295 ஏக்கர் வளாகத்துக்கு. அந்தச் சேற்றையும் நெரிசலையும் பார்த்தவர்கள் இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் காய்கறி லாரி நள்ளிரவில்தான் வரும். லாரி வந்தால் இறக்குகிற ஆள் இருப்பார், அவருக்கு டீக்கடை இருக்கும், டீக்கடை விளக்கில் தெரு விழித்திருக்கும். மார்க்கெட்டோடு அந்த இரவும் போய்விட்டது. 2002-ல் வெளியூர்ப் பேருந்துகளும் கோயம்பேட்டுக்கே போயின. ஊரிலிருந்து வருகிறவர் பாரீஸில் இறங்கி, லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்து, ஜவுளி எடுத்துக்கொண்டு திரும்புகிற வழக்கம் அதோடு தேய்ந்தது. 2018-ல் உயர் நீதிமன்றத்தின் பக்கத்திலேயே இருந்த சட்டக் கல்லூரியைப் நகருக்கு வெளியே பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரித்து அனுப்பினார்கள். இதற்கிடையே, மாடியில் குடியிருந்தவர்கள் நகர நகர அந்த வீடுகள் குடோன் ஆயின. எங்கள் கடை மாடியில் ஒரு தெலுங்குக் குடும்பம் இருந்தது. அவர்கள் போன மறுமாதமே அந்த அறைகளில் பேப்பர் ரீம் அடுக்கிவிட்டோம். நானே இருப்பு எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக நியாயம் இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. இப்போது கோயம்பேட்டின் முறை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்து தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போனதிலிருந்து, கோயம்பேட்டுக் கடைக்காரர்கள் பாரீஸ்காரர்கள் அன்று பாடிய அதே பாட்டைப் பாடுகிறார்கள்.

இதையெல்லாம் விவாதிக்க வேண்டிய இடம் மாநகராட்சியின் மாமன்றம்தான். அது கூடும் ரிப்பன் மாளிகையிலிருந்து பாரிமுனை சுமார் இரண்டு கிலோமீட்டர், நடந்தே வந்துவிடலாம். ஆனால் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே கிடையாது. தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டபோது, ஏன் இப்படி, எதற்கு இவ்வளவு என்று கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அது நன்றாகத்தான் வந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து நானும் சோளம் தின்றிருக்கிறேன். ஆனால் ஒரு நல்ல வேலை தற்செயலாக நடந்துவிட்டால் அதை அடுத்த இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? இன்று 200 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். நகரத் திட்டமிடல் உள்ளாட்சியின் வேலை என்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பட்டியலின் முதல் வரியிலேயே இருக்கிறது. இங்கே மாஸ்டர் பிளான் சிஎம்டிஏ என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில், தண்ணீர் குடிநீர் வாரியத்திடம், போக்குவரத்து போலீஸிடம். கவுன்சிலரிடம் மிஞ்சுவது நடைபாதை, விளக்கு, குப்பை, கழிப்பறை.

அப்புறம் யோசித்தால், பாரீஸுக்குத் தேவையானதும் அந்த நான்குதான்!

மெட்ரோ 2019 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. உயர் நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு ஸ்டேஷன். ஏசி ரயிலில் வந்து எஸ்கலேட்டரில் ஏறி வெளியே வந்தால், கால் வைக்க நடைபாதை இல்லை. சரக்கு ஏற்றி இறக்குவதை இரவுக்கும் விடியலுக்கும் மாற்றினால் பகலில் தெரு கொஞ்சம் மூச்சு விடும், இரவில் ஆள் நடமாட்டமும் திரும்பும். முதலாளிகள் முணுமுணுப்பார்கள். லோடுமேன்களுக்கு ராத்திரிக் கூலி கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கட்டுமே.

நடைபாதை வியாபாரிகள் பேச்சு வந்தாலே 'அகற்ற வேண்டும்' என்ற சொல்தான் முதலில் வருகிறது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்களுடைய பிரதிநிதிகள் இருக்க வேண்டும். எங்கே விற்பது, எங்கே விற்கக் கூடாது என்பதை அவர்களை உட்கார வைத்துப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பூக்கடைப் பக்கம் எலுமிச்சைக் கூறு வைத்து விற்கிற அக்காவுக்கு எந்த முனையில் வெயில் படாது, எந்த முனையில் வண்டி இடிக்கும் என்று தெரியும். எந்த கன்சல்டன்ட்டின் வரைபடத்திலும் அது இருக்காது.

போன மாதம் பழைய கடைக்குப் போயிருந்தேன். புது வளாகத்தைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன். "கட்டடம் வந்தா வாடகை ஏறும்மா, நமக்கு வேற என்ன தெரியும்" என்றார். மாதவரத்தில் ஒரு குடோன் பார்த்து வைத்திருக்கிறாராம். கிளம்பும்போது டீ கொண்டுவரச் சொன்னார். பழைய பழக்கம், வேண்டாம் என்றுவிட்டேன்.