கட்டணத்தை ஏற்றுவது ஆலோசனைக் குழு இல்லை

அண்ணே, "கரண்ட் ரேட்டை ஏத்துறதே அந்த ஆலோசனைக் குழுதான், நம்மள யாரும் கேக்கப் போறதில்ல"ன்னு மேல எழுதியிருக்கீங்க. ரெண்டுமே தப்பு.

2003 மின்சாரச் சட்டத்தோட 87-வது பிரிவுல வர்ற மாநில ஆலோசனைக் குழுவுக்கு அதிகபட்சம் 21 பேரை நியமிக்கலாம். தொழில், விவசாயம், தொழிலாளர், நுகர்வோர்னு பல தரப்புல இருந்து எடுப்பாங்க. அவங்க யோசனை மட்டும்தான் சொல்ல முடியும். கட்டணத்தை முடிவு பண்றது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதுவும் 64-வது பிரிவுப்படி, மின் நிறுவனம் கொடுக்குற கட்டண மனுவை வெளியிட்டு, பொதுமக்களோட ஆட்சேபங்களைப் பரிசீலிச்ச பிறகுதான் ஆணை போடணும். நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம்.

நமக்கு முக்கியமானது 88-வது பிரிவு. சப்ளையோட தரம், தடையில்லாம வருதாங்கிறதைப் பத்தியும் அந்தக் குழு பேசலாம். கடலோரத்துல பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கம்பத்தை அண்ணாந்து பாருங்க, கம்பியைத் தாங்குற பீங்கான்ல உப்பு வெள்ளையாப் படிஞ்சிருக்கும். பனி இறங்குற ராத்திரியில அது ஈரமானா சர்ருன்னு பொறி பறந்து லைன் போயிரும். நல்ல மழை பெஞ்சா கழுவிரும். மழையில்லாத மாசத்துல ஆள் ஏறித்தான் துடைக்கணும். இது சென்னையில இருக்கவங்களுக்கு எப்படித் தெரியும்? நாமதான சொல்லணும்.

உங்க வீட்டு பில், மீட்டர் பிரச்சினைக்கு வழி வேற: முதல்ல மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அங்க தீரலன்னா மின் குறைதீர்ப்பாளர். எங்க தெருவுல கரண்ட் போன தேதி, நேரமெல்லாம் நோட்டுல குறிச்சு வச்சிருக்கோம். நீங்களும் இன்னைக்கே குறிக்க ஆரம்பிங்கண்ணே, சேர்த்து அந்த ஆலோசனைக் குழுவுக்கு அனுப்புவோம்.