பழைய மவுண்டன் பைக்கைச் சுவரில் தொங்கவிடாதீர்கள், ஐயா

போன கிழமை எல்லப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். அங்கே ஒரு கபேயின் வாசல் சுவரில் ஒரு சைக்கிளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, சக்கரத்தோடு தூக்கித் தொங்கவிட்டு, ஹேண்டிலில் இரண்டு பூச்சாடியும் கட்டியிருக்கிறார்கள். ஏதோ பழைய சைக்கிள்தானே என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன், வயிறு எரிந்தது. பெயின்டுக்கு அடியில் இருப்பது ஜப்பானில் செய்த குரோமோலி பிரேம், அதாவது குரோமும் மொலிப்டினமும் கலந்த நல்ல உருக்கு. கட்டைவிரலால் தள்ளுகிற அந்தக் காலத்து கியர் லீவர் இரண்டும் அப்படியே இருக்கின்றன, அதற்கும் மஞ்சள்! விலைக்குத் தருவாயா தம்பி என்று கேட்டேன். "அது டெக்கரேஷன் அண்ணே, ஓடாது" என்றான். ஓடாது என்று யார் சொன்னது?

அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

என் வீட்டில் நாலு நிற்கின்றன. சரியாகச் சொன்னால் மூன்று நிற்கின்றன, ஒன்று கட்டிலுக்கு அடியில் பகுதி பகுதியாகக் கிடக்கிறது. எல்லாமே 1985க்கும் 1993க்கும் இடையில் செய்தவை, எல்லாமே உருக்கு, ஒன்றிலும் முன்னால் ஷொக் கிடையாது. வீட்டுக்காரி எண்ணுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. அப்பாதான் விடமாட்டார். "சைக்கிள் எல்லாம் யாழ்ப்பாணத்துக்குச் சரி, இங்கே ஏத்தத்தில அது உன்னைச் சுமக்குதா, நீ அதைச் சுமக்கிறியா?"

நியாயமான கேள்விதான். நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக்கு வந்துபோன ஒரே சைக்கிள் பாண்காரருடையது. ஏறும்போது பெட்டியோடு தள்ளிக்கொண்டு வருவார். இறங்கும்போது காலிப் பெட்டி கடகடக்கப் பறப்பார், மழைநாளில் பிரேக் பிடிக்காது, செருப்புக் காலை முன் டயரில் வைத்து அழுத்திக்கொண்டே கோயில் முடக்கைத் திருப்புவார், நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கத்திக்கொண்டு பின்னால் ஓடுவோம்.

எவ்வளவோ காலம் கழித்து மவுண்டன் பைக் பிறந்த கதையை வாசித்தபோது அந்தப் பாண்காரர்தான் கண்முன் வந்து நின்றார். கலிபோர்னியாவில் டமல்பாயிஸ் மலைப் பக்கம், 1970களில், சில இளவட்டங்கள் முப்பது நாற்பது வருசப் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பொறுக்கி, தடித்த டயரோடு மண்பாதையில் மலை இறங்கியிருக்கிறார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக். அங்கே ஒரு பாதை, மூன்றரைக் கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 400 மீட்டர் கீழே விழும். அடிவாரம் போய்ச் சேரும்போது பிரேக் இருக்கிற பின் சக்கரத்து நடு உருளையில், அதாவது ஹப்பில், இருந்த கிரீஸ் சூட்டில் புகையாகப் போய்விடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைப்பதால் பாதைக்கே ரீபெக் என்று பெயர் வந்துவிட்டது. 1976 ஒக்டோபரில் முதல் பந்தயம். அந்தக் கூட்டத்து ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே ஒரு பிரேம் கட்டினார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெலியும், டொம் ரிச்சி செய்த பிரேம்களை வைத்துச் சின்னதாக வியாபாரம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தபோது அதன் பிரேம் ஜப்பானில் செய்தது. பழைய இரும்பும் பிரேக் பிடிக்காத இறக்கமும்தான் இதன் தாய் தகப்பன் என்கிறேன். நம்ம தோட்டத்து ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் வேறென்ன?

ஜப்பானில் செய்ததால்தான் நம்ம கைக்கும் வருகிறது. கொன்டெய்னரில் வரும் பழைய ஜப்பான் சைக்கிள்களில் பெரும்பாலும் கூடை வைத்தவைதான், அதற்குள் புதைந்து எப்போதாவது ஒன்று கிடக்கும். பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். சீட்டைத் தாங்குகிற குழாயை, அதாவது சீட் போஸ்டை, உருவி அளவைப் பாருங்கள். அந்தக் காலத்து உருக்கு பிரேமில் சீட் குழாயின் வெளி விட்டம் அநேகமாக 28.6 மில்லிமீட்டர், போஸ்டில் 27.2, 26.8 என்று அடித்திருந்தால் குழாயின் சுவர் மெல்லியது, நல்ல உருக்கு என்று அர்த்தம், 25.4 என்றால் தடித்த சாதா இரும்பு. ஷிமானோ பாகங்களின் பின்பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கும். முதலாவது வருசம், 'ஏ' என்றால் 1976, அப்படியே எண்ணிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது மாதம். என் பச்சை சைக்கிளின் பின் கியரில் 'எம் எஃப்'. அதாவது 1988 ஜூன். எனக்கு ஒன்பது வயசு, பாண்காரர் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நாட்கள். அன்றைக்கு எங்கேயோ ஒரு ஜப்பான்காரர் செய்த கியர் இன்றைக்கு அப்புத்தளை மண்ணில் உருள்கிறது. இதை நினைத்துச் சிரித்தால் வீட்டில் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

ஏமாந்த கதையும் உண்டு. ஒருவர் "ஒரிஜினல் பெயின்ட்" என்று சத்தியம் செய்து விற்றார். வீட்டுக்கு வந்து துடைத்தால் ஹேண்டிலுக்குக் கீழே குழாய் லேசாக மடங்கி, மடிப்பில் மயிரிழை விரிசல். எங்கேயோ முட்டிய சைக்கிள். பதறிப்போய் தோட்டத்து ஸ்டோரில் முன்பு வேலை செய்த ஒரு வெல்டிங் பாஸிடம் கொண்டுபோனேன், உள்ளே ஒரு துண்டு குழாய் நுழைத்துப் பித்தளை ஊற்றிக் கொடுத்தார். அழகில்லை. ஆனால் நாலு வருசமாக ஓடுகிறது. கார்பன் பிரேமில் விரிசல் விழுந்தால் இங்கே எந்த பாஸிடம் போவது?

ஏத்தத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை வரைக்கும் சுமார் 10 கிலோமீட்டர், அது சுகமாகப் போகும். தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி, லிப்டன் சீட் என்கிற மலை உச்சிக்கு ஏறும்போதுதான் உயிர் போகும். முன் பற்சக்கரத்தில் 28 பல், பின்னால் 30 பல், ஒரு தடவை முழுசாக மிதித்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கூட வராது. நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம். கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா ஒருநாள் மேல் மலையிலிருந்து "தம்பி, பின்னால வந்து தள்ளிவிடவா?" என்று கூப்பிட்டார், முழு வரிசையும் சிரித்தது. சிரிக்கட்டும். இறங்கும்போது கருங்கல் பாவிய இடங்களில் கை மரத்துப்போகும், பல் ஆடும், ஒரு தடவை நேராக ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டேன், எழுந்து பார்த்தால் காலில் இரண்டு அட்டை. சைக்கிளுக்கு ஒன்றுமில்லை.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. 1986, 87 வாக்கில் பின் பிரேக்கை பெடலுக்குப் பின்னால், குழாய்க்கு அடியில் கொண்டுபோய் வைக்கும் ஒரு மோகம் இருந்தது. யோசித்தவர் ஐப்பசி மழையில் தோட்டத்து ரோட்டில் ஒரு நாள் ஓட்டியிருந்தால் அந்த வேலையைச் செய்திருக்கவே மாட்டார். சேறு முழுக்க அதற்குள்தான். இதையும் "ஒரிஜினல்" என்று கும்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், முப்பத்தைந்து வருசக் கல்லாய்ப்போன பிரேக் கட்டையைக்கூட மாற்றமாட்டார்கள். பிரேக் கட்டை, டயர், கேபிள், செயின் நாலும் புதிது போடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். கியர் லீவர் இறுகியிருந்தால் வீசிவிட வேண்டாம், உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும், மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறினால் போதும்.

2022இல் பெற்றோல் வரிசையில் மூன்று நாள் படுத்துக் கிடந்தவர்கள் எல்லாம் என் வாசலுக்கு வந்து "ஒன்றைக் கொடு" என்றார்கள். இரண்டை இரவல் கொடுத்தேன். பணிய கணக்கிலிருந்து, அதாவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து, ஒரு பையன் அதில்தான் டவுனுக்கு வேலைக்குப் போய் வந்தான். கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் அடிக்கிற முறை வந்து பெற்றோல் கிடைத்ததும் மற்றவர் அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்து விட்டார், இந்தப் பையன் மட்டும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் கிடப்பதைப் பூட்ட ஒரே ஒரு சாமான்தான் குறைகிறது, 26.8 அளவு சீட் போஸ்ட். யார் வீட்டுக் கோடியிலாவது, பழைய இரும்புக் கடையிலாவது கண்டால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். மஞ்சள் அடித்ததாக இருந்தாலும் பரவாயில்லை.